ஆறும்வரை

ரொறன்ரோவிலிருந்து வந்த பெட்டிக்குள்
பால்மாவுக்கும் பழைய ஜம்பர்களுக்கும் நடுவே
முப்பது கிலோ இரும்பு.
மச்சாள் துஷாந்தி ஒரு துண்டு எழுதி ஒட்டியிருந்தாள்:
"ஆரோ கராஜ் சேலில வித்தது.
ரொட்டி சுடுற மிசினெண்டு நினைச்சிட்டன்.
நீ படம் ஒட்டப்போறன் எண்டாய்தானே?"

நேரே செருகினால் கருகிவிடும்.
நாவாந்துறை ரெஜினோல்ட்
எங்கோ கழித்துவிட்ட ஒரு மின்மாற்றியைச்
சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு வந்தான்.
"உறுமும். பயப்பிடாதைங்கோ."
உறுமியது.
பக்கத்து வளவு நாய் பதில் சொன்னது.

முள் இருநூற்றுப் பத்தில் நின்றது.
தோசைக்கல்லுக்குத் தெளிப்பதுபோல் ஒரு துளி விட்டேன்;
தட்டைத் தொடாமலே உருண்டோடி விளிம்பால் விழுந்தது.
முள் பொய் சொல்கிறது.
எத்தனையோ துண்டுக் கடதாசிகளைப் பொசுக்கிய பிறகு
நூற்றைம்பதுக்குச் சற்று இந்தப் பக்கம்
நகப்பூச்சால் சிவப்பாய் ஒரு பொட்டு வைத்தேன்.
அதுதான் அதன் மெய்.

முதலாவது படம்: பண்ணைக் கடல், வற்று நேரம்.
மூடியைத் திறந்தபோது
தண்ணீர் முழுக்கக் கொப்புளம்,
அடியில் ஆரோ மூச்சு விட்டதுபோல.
குருநகர்க் காற்றை
அட்டை நாள்முழுக்கக் குடித்திருக்கிறது.
படம் வைக்குமுன் வெறும் அட்டையை உள்ளே வை,
அழுத்து, திற, ஆவி போகட்டும்,
பிறகும் அழுத்து.
உஸ் என்ற சத்தம் நிற்கும்வரை.
இதை நான் அறிய நான்கு அட்டை செலவு.

இரண்டாவது, வலை பொத்தும் சில்வேறியன்.
நடுவில் வைக்கும் ஒட்டாத் தாளை மறந்துபோனேன்.
அவருடைய மூக்கும் ஒரு கன்னமும்
மேல்தட்டோடு போய்விட்டன.
தேங்காயெண்ணெய் பூசி
பிளேட்டால் சுரண்டி எடுத்தேன்.
சந்தையில் அவரைக் கண்டபோது
முகத்தைப் பார்க்க ஒரு மாதிரி இருந்தது.
பாதி விலைக்கு நண்டு தந்தார், வேறு.

மூன்றாவதில் நண்டுக் கூடுகள், மேலே வெறும் வானம்.
பொட்டில் முள். நெம்புகோலை இறக்கினேன்.
ஒன்று, இரண்டு என்று எண்ணி
எழுபதுக்கு வரும்போது கரண்ட் நின்றது.
தெரு முழுக்க "ஓ" என்றது, பிறகு அடங்கியது.

திறப்பதா?
கூட வந்த கையேட்டில் ஒன்பதாம் பக்கத்துக்குப் பிறகு
பதின்மூன்றாம் பக்கம்.
நெம்புகோலில் கையை வைத்தபடி இருந்தேன்.
காய்ச்சல்காரனின் நெற்றிபோல் இருந்தது தட்டு,
பிறகு ஆளின் நெற்றிபோல்,
பிறகு சீமெந்து நிலம்போல்.
நுளம்பு முழங்கையை ஒரு கை பார்த்தது.

எட்டு நாற்பதுக்கு வெளிச்சம் வந்தது.
திறந்தேன்.
ஒரு சுருக்கமில்லை, ஒரு மூலை எழும்பவில்லை.
நகத்தால் தட்டத் தட்ட
எங்கும் ஒரே சத்தம்.
சூட்டில் பசை இளகுகிறது, அவ்வளவுதான்.
பிடிப்பது ஆறுகிற நேரத்தில்.

இப்போதெல்லாம் நானே பிளக்கைக் கழற்றிவிட்டுத்
தேத்தண்ணி போடப் போகிறேன்.
ரெஜினோல்ட் கேட்டுவிட்டுச் சொன்னான்,
"அப்ப மின்சார சபைக்கெல்லோ
நீங்கள் பீஸ் கட்டவேணும்."

பள்ளிக்கூட மண்டபமொன்றில் பன்னிரண்டு படம் தொங்கியது.
நண்டுக் கூட்டு வானத்தின் வலப்பக்க மேல்மூலையில்
கடுகளவு ஒரு மேடு.
அன்று நுளம்பு மட்டும் வரவில்லை,
எனக்குத் தெரியும்.
படத்துக்கும் அட்டைக்கும் நடுவே நடந்துபோன ஒன்று
இனி நூறு வருசம் அங்கேதான் நிற்கும்.

அரியாலையிலிருந்து வந்த ஒருவர்,
கக்கத்தில் ஹெல்மெற்,
எல்லாப் படத்தையும் வேகமாய்ப் பார்த்து வந்தவர்
அதன்முன் நின்றார்.
சாய்ந்து பார்த்தார். யன்னல் வெளிச்சம் சரிவாய் விழுந்தது.
குரலைத் தாழ்த்தி,
"பிள்ளை, இது பொம்பரோ?"

"எறும்பு" என்றேன்.

இன்னும் கிட்டப் போய்ப் பார்த்தார்.
ஒருதரம் மண்டபத்தின் கூரையையும் பார்த்தார்.
"அப்ப சரி" என்றுவிட்டு
அடுத்த படத்துக்குப் போனார்.